ஏழாம் கட்டத்து மரங்கள்

ஜெபஸ்டின்,

அந்தமானுக்கு வேலை மாற்றம், வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து கப்பல், திரும்ப மூன்று வருடம் ஆகும் என்று மூன்று வரியில் நீ அனுப்பிய செய்தி வந்து நான்கு நாளாகிறது. இரண்டு வருடத்தில் நீ எனக்கு அனுப்பிய முதல் செய்தி அதுதான். பதில் போடப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இதன் ஒரு நகலைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்து, நம் கோவில் மாத இதழில் அச்சிடச் சொல்லப்போகிறேன். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குக் காட்டுகிறாள் என்று உனக்குத் தோன்றலாம். என்னைப் பற்றிய உண்மையை நீ ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாய். அதில் பாதிதான் உனக்குத் தெரியும். மறுபாதியை அதே ஊருக்கு முன்னால் நான் சொல்வதுதான் முறை.

தாமிரபரணி கடலில் விழும் இடத்தில் இருக்கும், நீங்கள் அலையாத்தி என்று சொல்லும் நம் கண்டல் காட்டை எண்ணும் வேலைக்கு நீ அதிகாரியாக வந்தபோது உனக்கு இருபத்தைந்து வயது. காட்டுக்குள் பன்னிரண்டு இடங்களில், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டராக, நான்கு மூலையிலும் குழாய் நட்டுக் கட்டம் பிரித்தாய். ஒவ்வொரு மரத்திலும் எண் அடித்த தகரத்துண்டைத் தொங்கவிட்டாய். ஆவணியில் ஒரு முறை, மாசியில் ஒரு முறை எல்லாக் கட்டங்களுக்கும் போக வேண்டும். மரத்தின் சுற்றளவு, புதிதாக முளைத்த கன்று, மண்ணில் இருக்கும் நண்டு வளை, கிளையில் இருக்கும் பறவை, எல்லாவற்றையும் எண்ணி நோட்டில் எழுத வேண்டும். சூசை அண்ணாச்சி தன் வலையைப் பிரித்தபடி உன்னைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "ஏலே, மரத்த எண்ணி என்ன செய்யப் போற? எண்ணுனா கூடிருமா?" நீ சிரிக்காமல் பதில் சொன்னாய். "கூடாது அண்ணாச்சி. கொறஞ்சா நமக்கு முன்னமே தெரியும்."

எண்ணுவதற்கு யாரை வைப்பது என்று பேச்சு வந்தபோது நீ என் பெயரைச் சொன்னாய். வீட்டில் எனக்கே சிரிப்பாக இருந்தது. உன் அப்பாவின் வள்ளத்தில் போவோம், வருவோம் என்று சாதாரணமாகத்தான் ஒப்புக்கொண்டேன். முதல் நாள் இரண்டாம் கட்டத்தில் சேற்றில் முட்டி புதைய நின்றுகொண்டு, நண்டு வளை ஒரு இருபது இருக்கும் என்று எழுதினேன். நீ நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இருக்கும்னா என்னம்மா?" என்று கேட்டு, மறுபடி எண்ண வைத்தாய். பதினேழு. அப்போது நீ சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொல்வேன். "தெரியலன்னா தெரியலன்னு எழுதும்மா. போகலன்னா போகலன்னு எழுது. அதுக்கும் நோட்டுல எடம் விட்டுருக்கேன்லா." உண்மையிலேயே விட்டிருந்தாய். பக்கத்தின் கடைசியில் ஒரு நீளமான காலிக் கோடு.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் காட்டை வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். பச்சையாக ஒரு கோடு, அவ்வளவுதான். எண்ணத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. மூன்றாம் கட்டத்தில் இடி விழுந்து பிளந்த மரம், ஒன்பதாம் கட்டத்தில் உள்ளான் குருவிகள் வந்து இறங்கும் சேறு, எல்லாவற்றுக்கும் தெற்கே, ஓடை ஓரமாக, இருபத்துமூன்று பெரிய மரங்கள் நின்ற ஏழாம் கட்டம். அங்கே தண்ணீரில் மீன்குஞ்சு கறுப்பாகத் திரண்டு நிற்கும். அப்பா வள்ளத்தைக் கட்டிவிட்டு, நான் எண்ணி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நம் நோட்டை வைத்துத்தான் இந்த வருடம் வடக்கே காய்ந்த விறகு எடுக்கலாம், தெற்கே யாரும் கை வைக்க வேண்டாம் என்று ஊரில் முடிவானது. குறைந்துபோயிருந்த நண்டு மூன்றாம் வருடம் திரும்பி வந்தது. அதே சூசை அண்ணாச்சி நம் வாசலில் வந்து நின்று, "ஏளா, இந்த வருசம் எந்தப் பக்கம் விடணும்?" என்று என்னைக் கேட்டார். இந்த ஊரில் என்னிடம் ஒருவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலாவது வருடம் ஆடியில் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் தொண்டைப்புண் என்றார்கள். பிறகு திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் கட்டி, பரவிவிட்டது என்றார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா சொன்ன முதல் வார்த்தை உன்னைப் பற்றித்தான். "தம்பிகிட்ட சொல்லாத. முத்துப்பேட்டைக் காட்டுல வேல நடக்கு. விட்டுட்டு ஓடி வந்துருவான்." அப்போது நாலைந்து கடற்கரைக் காடுகள் உன் பொறுப்பில் இருந்தன. நானும் சரி என்றேன். பெரிய மனதோடு சொல்லவில்லை. சொன்னால் நீ அழுவாய், அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அன்று சாயங்காலம் நீ போனில் கேட்டபோது, "நல்லா இருக்காவ" என்றேன். ஒரு தடவை சொன்ன பிறகு அது எளிதாகிவிட்டது.

ஆவணி எண்ணிக்கைக்கு வேறு ஒருவரின் வள்ளத்தில் போனேன். பதினொரு கட்டங்களை மூன்று நாளில் முடித்துவிட்டேன். ஏழாம் கட்டம் மட்டும் தூரம். தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் போக வேண்டும். அன்று மத்தியானம் அப்பாவை ஊசிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. நாளை போகலாம் என்று நினைத்தேன். நாளையும் போக முடியவில்லை. அதற்குள் உன் ஆபீஸிலிருந்து நோட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பழைய மாசிப் பக்கத்தைப் பார்த்து, ஒவ்வொரு மரத்துக்கும் அரை சென்டிமீட்டர் கூட்டி எழுதினேன். மரம் வளரத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நண்டு வளையில் மட்டும், யாருக்கும் சந்தேகம் வராதபடி மூன்றைக் குறைத்து எழுதினேன். என் மகன் எனக்குக் கற்றுத்தந்த கவனத்தை அப்படித்தான் பயன்படுத்தினேன். நீ விட்டிருந்த அந்தக் காலிக் கோட்டில் "போகவில்லை" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். ஆனால் ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். கேட்டால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாசியிலும் அதையே செய்தேன்.

பங்குனியில் நீ ஊர்க்கூட்டத்துக்காக ஒரு நாள் வந்தாய். நீ வருவது தெரிந்து அப்பா காலையிலேயே சவரம் செய்யச் சொன்னார். சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுவிட்டேன், தோள் எலும்பு தெரியாமல் இருக்க. கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "என்னப்பா இப்பிடி மெலிஞ்சிட்டிய?" என்று நீ கேட்டாய். "வயித்துப்புண்ணுலே. காரத்த நிறுத்தியாச்சு," என்றார். நான் அடுப்படியிலிருந்து, "டாக்டர் சரியாயிரும்னு சொல்லிட்டாவ" என்றேன். நீ வந்து என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். நான் திரும்பிப் பானையை மூடினேன். நீ கட்டன் சாயா குடித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனாய். நானும் பின்னால் வந்தேன்.

ஓடையில் மண் எடுக்கும் இயந்திரம் ஒரு மாதத்துக்கு நமக்குக் கிடைத்திருந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் இறக்க முடியும். வடக்கிலா, தெற்கிலா என்பதுதான் பேச்சு. சூசை அண்ணாச்சி எழுந்து, "தம்பி, தெக்க ஓட வாய மண்ணு மூடிக் கெடக்கு. ஏத்தத் தண்ணி உள்ள போவல. எல பூரா மஞ்சளாவுது," என்றார். நீ என் நோட்டைத் திறந்து எண்களை வாசித்தாய். "ஏழாங்கட்டத்துல ஒரு மரமும் சாகல அண்ணாச்சி. நண்டு வளையும் இருக்கு. வடக்கதான் அவசரம்."

"நீ நேர்ல பாத்தியாலே?"

"எங்க அம்மா பாத்துருக்காவ."

சூசை அண்ணாச்சி பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏளா, பாத்தியா நீ?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஊர் நம்பியது. இயந்திரம் வடக்கே போயிற்று.

வைகாசியில் அப்பா போய்விட்டார். நீ வந்து சேர்ந்தபோது அவர் வீட்டு நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். அந்த நாளைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மறுநாள் நீ அப்பாவின் வள்ளத்தை எடுத்துக்கொண்டு தனியாக ஏழாம் கட்டத்துக்குப் போனாய். அவர் உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாய். நான் தடுக்கவில்லை, தடுக்க ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. மத்தியானம் திரும்பி வந்து, கைகால் கூடக் கழுவாமல், நோட்டை எடுத்து வரச் சொன்னாய்.

"ஏழாங்கட்டம், பதினாலாம் நம்பர் மரம். எத்தனம்மா போட்டுருக்க?"

நான் வாசித்தேன்.

"அது செத்து நாலு மாசமாவது இருக்கும். கிளையத் தொட்டா மடக்குனு ஒடியுது. அந்தக் கட்டத்துல ஒண்ணு கூட உயிரோட இல்லம்மா. மண்ணு மேல உப்பு பூத்துக் கெடக்கு."

"நான் போகலடா," என்றேன். "ரெண்டு தடவையும் போகல. அப்பாவ வச்சுக்கிட்டு எப்பிடிப் போவேன்?"

நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். "போகலன்னு எழுதிருக்கலாம்லாம்மா," என்று மட்டும் சொன்னாய். அப்புறம் முற்றத்தில் போய் நெடுநேரம் குழாயைத் திறந்து விட்டு நின்றாய்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நீ சொன்னது எல்லாருக்கும் தெரியும். "தெக்க காடு செத்ததுக்கு என் ரிப்போர்ட்டுதான் காரணம். அந்த எண்ணிக்க பொய். எழுதுனது எங்க அம்மா. போய்ச் சரிபாக்காம விட்டது நான்." உன் தப்பையும் சேர்த்துத்தான் சொன்னாய். என் காதில் என் பெயர் மட்டும்தான் விழுந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, யாரென்று எனக்குத் தெரியும், எழுதவில்லை: "பெத்த தகப்பன் சாவுக்கே நேரத்துக்கு வராதவன், இப்ப தாயத் தெருவுல நிறுத்துதான்." நீ தலை நிமிரவில்லை. நான் அந்த நிமிடம் எழுந்திருக்க வேண்டும். எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எல்லாரும் எனக்காக இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலை நீ பையோடு கிளம்பியபோது நான் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

இரண்டு வருடம் உன்மேல் கோபமாக இருந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். புருசனைப் பறிகொடுத்த முப்பதாம் நாளில் பெற்றவளைக் குற்றவாளியாக நிறுத்தினான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். ஆனால் ஆவணி வந்ததும் கால் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே ஏழாம் கட்டத்துக்குப் போனேன். பட்டை உரிந்த இருபத்துமூன்று மரங்களிலும் உன் தகரத்துண்டுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் அதே நிலைமை. சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்கள் எல்லாம் கருகிய குச்சிகளாக நின்றன. மரம் பூஜ்யம், கன்று பூஜ்யம், வளை பூஜ்யம், பறவை பூஜ்யம் என்று எழுதினேன். பூஜ்யம் எழுதுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான எண்ணிக்கை என்று அன்றுதான் தெரிந்தது. மாசியில் போனேன். அடுத்த ஆவணியிலும் போனேன். நண்டு பிடித்துப் பிழைத்த நாலு பெண்கள் இப்போது விடியும் முன்னே பஸ் ஏறி, தூத்துக்குடியில் மீன் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போகிறார்கள். என்னைக் கண்டால் அவர்கள் ஏசுவதில்லை, சும்மா போய்விடுவார்கள். போன ஐப்பசியில் சூசை அண்ணாச்சியும் ஊர்ப் பையன்களும் மண்வெட்டியாலேயே ஓடை வாயை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே ஏறி இறங்குகிறது. கன்று ஒன்றும் முளைக்கவில்லை. முளைத்ததாக உன்னிடம் எழுத மனம் துடிக்கிறது. முளைக்கவில்லை.

அந்தமானில் உனக்குக் கீழே எத்தனையோ பேர் நோட்டு எழுதுவார்கள். ஏதோ ஒரு நாள் ஏதோ ஒருவர் பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவார். எண்ணிக்கை மிகவும் ஒழுங்காக இருந்தால் சந்தேகப்படு. என் ஏழாம் கட்டத்துப் பக்கத்தில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை, நீ கவனித்திருக்கலாம். அந்த ஆளைத் திட்டுவதற்கு முன்னால், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேள். கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னாலும், நீ நேரில் போய் அந்த மரத்தைப் பார். அம்மாவே எழுதியிருந்தாலும் போய்ப் பார். உன்னிடம் நான் கண்ட ஒரே குறை அதுதான். நீ என்னை நம்பினாய்.

இனி அந்த நாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்கு டாக்டர் என்னை வெளியே அழைத்து, இன்றைக்குத் தாங்குவது கஷ்டம், பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். உள்ளே போனால் அப்பாவே கேட்டார். குரல் போய்ப் பத்து நாளாகிவிட்டது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். "தம்பிய வரச் சொல்லு." சொல்லாதே என்று அவர் எனக்கு விதித்திருந்ததை அவரே எடுத்துவிட்டார். நான் போனோடு வராந்தாவுக்கு வந்தேன். உன் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால், "பத்து மாசமா நல்லா இருக்காவன்னு சொன்னியே" என்று நீ கேட்பாய். வந்தால் காட்டுக்குப் போவாய், நோட்டும் வெளியே வரும். சாகக் கிடக்கும் மனுஷனின் கட்டிலுக்கு வெளியே நின்று இதையெல்லாம் நினைத்தேன், ஜெபஸ்டின். இன்னும் ஒரு நாள் தாங்குவார், நாளைக்குக் கூப்பிடலாம் என்றும் நினைத்தேன். போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய், "பஸ் ஏறிட்டான், வாரான்" என்றேன்.

அவர் கண்ணை மூடினார். பத்தரைக்குத் திறந்து, எங்கன வாரான் என்று கேட்டார். புதுக்கோட்டை என்றேன். ஒரு மணிக்குக் கேட்டார். மதுரை தாண்டிட்டான் என்றேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "நல்ல பிள்ள, எப்பிடி வேகமா வாரான் பாருங்க" என்றாள். மூன்று மணிக்கு அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். கேட்கும் முன்னாலேயே, "கோவில்பட்டிக்கு வந்துட்டான். இன்னும் ஒரு மணி நேரந்தான்" என்றேன். அவர் வாசலைப் பார்க்கும்படி தலையைத் திருப்பி வைக்கச் சொன்னார். வைத்தேன். வாசலைப் பார்த்தபடியே நாலு மணிக்கு உயிர் போயிற்று.

அதன் பிறகுதான் உன் எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாய். நீ பேசுவதற்குள், "காலையிலிருந்து கூப்பிடுதேன்லே, லைனே கெடைக்கல" என்று சொல்லி அழுதேன். நீ அன்று பத்து மணிக்கு மேல் காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தாய், அதனால் நம்பிவிட்டாய். அந்தப் போனைத் தரையில் அடித்து உடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இப்போது இரண்டு போன் வைத்திருக்கிறாயாம். குளிக்கப் போனாலும் இரண்டையும் கொண்டு போகிறாயாம். உன்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் வந்திருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் அவனோடு சேர்ந்து சிரித்துவிட்டு, சாயா போட உள்ளே போனேன்.

அன்று காலை பத்து மணிவரை நீ கரையில், முழுச் சிக்னலோடு, கணினியில் வேலை பார்த்துக்கொண்டு இருந்தாய் என்று நீயே அடக்கத்தன்று அழுது அழுது சொன்னாய். எட்டு மணிக்கு நான் கூப்பிட்டிருந்தால், கார் பிடித்து நாலு மணிக்கு முன்னால் அந்த வாசலில் வந்து நின்றிருப்பாய். இது ஊருக்குத் தெரிய வேண்டும். ஊரைவிட உனக்குத் தெரிய வேண்டும். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க என்னிடம் முகம் இல்லை. அந்தப் பாரத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாதே. நீ தாமதமாக வரவில்லை, ராசா. உன்னை யாரும் கூப்பிடவே இல்லை.

அம்மா